மிஷன் வீட்டு அடுக்களை வழியே ஒரு நாள்: பே ஆஃப் ஐலண்ட்ஸ் வேன் சுற்றுலா மதிப்புரை

நியூசிலாந்தின் வடபகுதியிலுள்ள பே ஆஃப் ஐலண்ட்ஸுக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் டால்பின் பார்க்கப் படகேறுகிறார்கள். அல்லது 1840 பிப்ரவரி 6 அன்று பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியும் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வைதாங்கித் திடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இவ்விரண்டையும் விட்டுவிட்டு, அந்தக் கரையில் குடியேறிய ஆங்கிலேய மிஷனரிக் குடும்பங்களின் இடங்களை மட்டும் சுற்றிக் காட்டும் ஒருநாள் வேன் பயணம் ஒன்று உண்டு. பைஹியாவில் தொடங்கி, கெரிகெரி, டெ வைமாட்டே, பாகராகா என்று நான்கு ஊர்களைத் தொட்டுத் திரும்பும் இப்பயணத்தைப் பற்றியதே இந்த மதிப்புரை. குறைகளையும் சேர்த்து எழுதுவதால், தனியொருவர் நடத்தும் அந்தச் சிறு நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், அப்பகுதியின் எந்த வழிகாட்டியிடமும் ஏறக்குறைய இதே பயணத்தைக் கேட்டுப் பெறலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் தவறாமல் போக வேண்டிய பயணம் இது. காரணம் ஒன்றே. மிஷனரிகளின் கதையை மதகுருமார்களின் பிரசங்க மேடையிலிருந்தோ ஆளுநர்களின் கடிதங்களிலிருந்தோ தொடங்காமல், அவர்களுடைய மனைவிமாரின் அடுக்களையிலிருந்து தொடங்குகிறார் இந்த வழிகாட்டி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான அவர், வேனில் ஏறியதும் வரவேற்புரைக்குப் பதிலாக ஒரு பழைய இஸ்திரிக் கட்டியை எங்கள் கைகளில் வரிசையாகக் கொடுத்தார். கரி போடும் பெட்டி இல்லை. முழுக்க முழுக்க இரும்பால் ஆன கட்டி. அடுப்பு முன் வைத்துச் சூடாக்கி, ஒன்று ஆறும்போது இன்னொன்றை எடுத்துத் தேய்க்க வேண்டும் என்பதால் இரண்டிரண்டாகவே வைத்திருப்பார்களாம். அதன் கனம் மணிக்கட்டில் இறங்கும்போது, கணவரின் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் பிள்ளைகளின் உடுப்புகளும் விருந்தினர் படுக்கை விரிப்புகளும் வாரந்தோறும் எத்தனை முறை இந்தக் கட்டிக்கு அடியில் போய்வந்திருக்கும் என்ற கேள்வி தானாக எழுகிறது.

பயணத்தின் நடுநாயகம் மரியான் வில்லியம்ஸ். பாளையங்கோட்டைக்கு ரேனியஸ் ஐயரை அனுப்பிய அதே சர்ச் மிஷனரி சொசைட்டிதான் இவருடைய கணவர் ஹென்றி வில்லியம்ஸையும் அனுப்பியது என்று சொன்னால் நம்மவர்களுக்குக் காலமும் சூழலும் எளிதாகப் பிடிபடும். ஹென்றி கடற்படையில் லெப்டினன்டாக இருந்தவர். 1818இல் மரியானை மணந்து, 1822இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில், தண்டனை பெற்ற பெண் கைதிகளை ஏற்றிச் சென்ற 'லார்ட் சிட்மவுத்' கப்பலில் மூன்று சிறு பிள்ளைகளோடு இருவரும் புறப்பட்டார்கள். சிட்னியில் சில மாதங்கள் தங்கி, 1823 ஆகஸ்டில் பே ஆஃப் ஐலண்ட்ஸை அடைந்தபோது மரியான் மீண்டும் கருவுற்றிருந்தார். அந்த நான்காம் குழந்தை நவம்பரில், பைஹியா கடற்கரையில், ரௌப்போ எனப்படும் சம்பங்கோரையால் வேய்ந்த குடிசையில் வாழ்ந்த நாட்களில் பிறந்தது. 1818க்கும் 1837க்கும் இடையே அவர் பெற்றெடுத்த பிள்ளைகள் பதினொருவர். அவர்களில் எட்டுப் பேர் இந்தக் கரையில் பிறந்தவர்கள்.

பைஹியாவில் அந்தக் குடிசையோ பின்னர் கட்டிய மிஷன் வீடுகளோ இன்று இல்லை. 1925இல் ஹென்றி, அவர் தம்பி வில்லியம் ஆகிய வில்லியம்ஸ் சகோதரர்களின் நினைவாகக் கட்டப்பட்ட புனித பவுல் கற்கோயிலும், மாவோரித் திருச்சபையார் ஹென்றிக்காக 1876இல் எழுப்பிய கற்சிலுவையும், எதிரே கடலும்தான் உள்ளன. பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் வழிகாட்டியின் திறமை முழுமையாகத் தெரிந்துவிடும். அவர் எங்களைக் கோயிலுக்குள் அழைத்துச் செல்லுமுன் கடற்கரையில் நிறுத்தி, மாவு சிட்னியிலிருந்து கப்பலில் வர வேண்டும், உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் மாவோரிகளிடமிருந்து பண்டமாற்றில் வர வேண்டும், கப்பல் தாமதித்தால் ரொட்டி இல்லை என்பதிலிருந்து ஒரு நாளை வரிசையாகக் கட்டியெழுப்பினார். விடியலில் அடுப்பு மூட்டுவது, பால் காய்ச்சுவது, ரொட்டிக்கு மாவு பிசைவது, குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, பிறகு மாவோரிப் பெண்களுக்குப் பள்ளி, தையல் வகுப்பு, நோயாளிகளுக்கு மருந்து, கரையிறங்கும் கப்பல் தலைவர்களுக்கும் அவர்கள் மனைவியருக்கும் உணவு, இரவில் விளக்கொளியில் இங்கிலாந்துக்குக் கடிதம். மற்ற மிஷன் குடும்பங்களில் பிரசவம் என்றாலும் அவரைத்தான் அழைத்தார்கள். ஹென்றியோ வாரக்கணக்கில் படகிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று, போரிடும் கூட்டங்களுக்கு இடையே சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். அவர் இல்லாத நாட்களில் அந்த நிலையத்தின் தலைவாசலைத் திறந்து பதில் சொன்னவர் மரியான்தான்.

அந்த வாசலில் என்னென்ன நடந்தன என்பதற்கு 1824 ஜனவரி நிகழ்ச்சி ஒன்றை வழிகாட்டி விரிவாகச் சொன்னார். தோஹிதாபு என்னும் மாவோரிப் பூசகர் மிஷன் வேலியைத் தாண்டிக் குதித்ததில் காலில் அடிபட்டது. அதற்கு ஈடு கேட்டு ஓர் இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அவர் கிளம்ப, ஹென்றி மறித்துப் பறித்துவிட்டார். மறுநாள் தோஹிதாபு ஆட்களுடன் திரும்பி வந்தார். வரலாற்று நூல்கள் இதை ஹென்றியின் துணிவுக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். வழிகாட்டி நம்மைச் சுவருக்கு உட்புறம் அழைத்துப் போகிறார்: கதவை அடைத்துக்கொண்டு, இரண்டு மாதக் குழந்தையும் இன்னும் மூன்று பிள்ளைகளுமாக உள்ளே இருந்தவர் என்ன செய்திருப்பார்? பூசகரின் கோபம் அவர்கள் முறைப்படி நியாயமானது என்பதையும் அவர் விளக்கத் தவறவில்லை. தோஹிதாபு பிற்காலத்தில் மிஷனுக்கு நண்பரானார். இந்தக் குடும்பங்கள் அங்கே வாழ முடிந்ததே நிலம் தந்து காத்த டெ கோக்கி என்ற தலைவரும் அவர் மனைவி ஆனா ஹாமுவும் அனுமதித்ததால்தான் என்பதையும் வழிகாட்டி அழுத்தமாகச் சொன்னார். கணவர் இறந்த பின், வைதாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மிகச் சில பெண்களில் ஆனா ஹாமுவும் ஒருவர்.

ஒப்பந்தத்தைப் பற்றி வழிகாட்டி சொன்ன கருத்து ஒன்று எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. ஒப்பந்தத்தின் ஆங்கில வரைவை 1840 பிப்ரவரி 4 இரவு மாவோரி மொழியில் பெயர்த்தவர்கள் ஹென்றியும் அவருடைய மூத்த மகன் எட்வர்டும். அந்த இரு வடிவங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளைப் பற்றி நியூசிலாந்து இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கிறது. எட்வர்டுக்கு அந்த மொழி எங்கிருந்து வந்தது? நான்கு வயதில் வந்திறங்கி, மாவோரிப் பிள்ளைகளும் பணிப்பெண்களும் நாள் முழுதும் புழங்கிய தாயின் வீட்டில் வளர்ந்ததால் வந்தது. ஒரு நாட்டின் அடிப்படை ஆவணத்துக்கும் ஒரு குடும்பத் தலைவியின் அடுக்களைக்கும் இப்படியொரு நேரடித் தொடர்பு இருப்பதை வைதாங்கி அரங்குகளில் நடந்தபோது நான் யோசிக்கவே இல்லை.

கெரிகெரிதான் கண்ணுக்கு விருந்து. 1822இல் கட்டி முடிக்கப்பட்ட மிஷன் வீடு, இப்போது கெம்ப் ஹவுஸ் என்று அழைக்கப்படுவது, நியூசிலாந்தில் எஞ்சியிருக்கும் ஐரோப்பியக் கட்டடங்களில் மிகப் பழமையானது. முதலில் குடியேறியவர்கள் ஜான் பட்லர் என்ற குருவும் அவர் மனைவி ஹன்னாவும். மறு ஆண்டே பட்லர் பதவி நீக்கப்பட்டு வெளியேறினார். குருவின் பணி போனால் மனைவியின் வீடும் தோட்டமும் கூடவே போய்விடும் என்பதை வழிகாட்டி இங்கே குறிப்பிட்டார். பாகராகாவில் இது மீண்டும் வரும். 1832 முதல் கொல்லரும் மிஷன் உதவியாளருமான ஜேம்ஸ் கெம்ப்பும் சார்லட்டும் வாழ்ந்தார்கள். அவர்கள் வழித்தோன்றல்கள் 1974இல் அரசு சார்ந்த பாரம்பரிய அறக்கட்டளைக்கு வீட்டைக் கொடுக்கும் வரை அது அக்குடும்பத்திடமே இருந்தது. வெளியே 1819இல் நட்ட பேரிக்காய் மரம் இன்னும் காய்க்கிறது.

தோட்டத்தில் வழிகாட்டி தம் சொந்தச் சட்டி ஒன்றை வைத்து ரொட்டி சுடும் முறையைக் காட்டினார். குட்டையான மூன்று கால்களும், விளிம்பு உயர்ந்த தட்டையான மூடியும் கொண்ட வார்ப்பிரும்புச் சட்டி அது. அடியில் தணலைப் பரப்பி, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போட வேண்டும். மேல்தணல் அதிகமானால் மேற்புறம் கருகி உள்ளே மாவாக நிற்கும். குறைந்தால் ரொட்டி எழும்பாது. வெப்பத்தை அளக்க ஒரு கருவியும் கிடையாது, உள்ளங்கைதான். அதை மாதிரிக்குக் காட்டும்போது அவர் கரண்டியால் தணலை மூடியின் ஓரத்தை ஒட்டி வளையமாக அடுக்கி நடுவை வெறுமையாக விட்டார். நடுவில் குவித்தால் முதலில் தீய்வது அந்த இடம்தானாம். பத்துப் பதினைந்து பேருக்கு அன்றாடம் இப்படி ரொட்டி சுட்டவர்கள், அதே அடுப்பின் மறுபக்கத்தில் துணிக்கு வெந்நீரும் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு, வெண்ணெயுடன் கிடைத்தது. நன்றாகவே இருந்தது.

பக்கத்திலுள்ள கல் கிடங்கு 1832க்கும் 1836க்கும் இடையே எழுந்தது. எல்லாச் சுற்றுலாக்களும் அங்கே நேரம் கொடுக்கும் என்பதால் இவர் கொடுக்கவில்லை. கீழ்த்தளக் கடையைப் பார்க்க விரும்புவோர் தனியாக வர வேண்டியதுதான்.

டெ வைமாட்டே உள்நாட்டில், விளைநிலங்களுக்கு நடுவே இருக்கிறது. 1830இல் தொடங்கிய மிஷன் பண்ணை இது. இன்று நிற்கும் வீடு 1832இல் முடிந்தது. 1835 டிசம்பரில் இங்கு வந்த சார்லஸ் டார்வின், ஆங்கிலேயப் பண்ணையொன்றைத் தூக்கி வைத்ததுபோல் இருந்த இந்த இடத்தை மனமகிழ்ந்து எழுதியிருக்கிறார். ஒப்பந்தத்தின் அடுத்த கையெழுத்துகளும் 1840 பிப்ரவரியில் இங்குதான் பெறப்பட்டன. ஆனால் வழிகாட்டி நிதானித்துச் சொன்னது சாரா செல்வினின் கதையை. நியூசிலாந்தின் முதல் பேராயர் ஜார்ஜ் செல்வின் 1842இல் இந்த வீட்டைத் தம் இருப்பிடமாகவும் கல்லூரியாகவும் ஆக்கிக்கொண்டார். வந்த வேகத்திலேயே ஆறு மாதம் நாட்டைச் சுற்றப் புறப்பட்டுவிட்டார். கைக்குழந்தையோடு, முன்பின் அறியாத நாட்டில், மாணவர்களும் குருக்களும் விருந்தினரும் நிறைந்த அந்த வீட்டின் பொறுப்பு சாராவின் தலையில் விழுந்தது. 1844 மே மாதம் அவருக்கு இன்னொரு மகன் இதே வைமாட்டேயில் பிறந்தான். அந்த ஆண்டே கல்லூரியும் குடும்பமும் ஆக்லாந்துக்குப் பெயர்ந்தன. மறு ஆண்டு, மாவோரிகளில் ஒரு பிரிவினருக்கும் பிரிட்டிஷாருக்கும் மூண்ட வடக்குப் போரில் பிரிட்டிஷ் படையினர் இங்கே பாசறை இறங்கியதில் நிலையம் சீரழிந்தது. மனைவிமார் நட்டு வளர்த்ததை எல்லாம் அப்படியே விட்டுப் போக நேர்ந்தது இந்தக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

இனி என் மனக்குறை. மரியானும் அவருடைய ஓரகத்தி ஜேனும் எழுதிய கடிதங்களை ஆதாரமாக வைத்தே இந்தப் பயணம் முழுவதும் பின்னப்பட்டிருக்கிறது. அக்கடிதங்களில் வீட்டில் வேலை செய்த மாவோரிச் சிறுமிகளைப் பற்றிய புலம்பல் நிறைய உண்டு: துவைக்கும் நாளில் பாதி வேலையில் துணியைப் போட்டுவிட்டு நீந்தப் போய்விடுவார்கள், தூசி துடைக்கும் துணியால் பாலை வடிகட்டிவிடுவார்கள் என்பன போன்றவை. வேனில் எல்லாரும் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் உணவுக்கும் உடைக்கும் எழுத்தறிவுக்குமாகப் பகல் முழுதும் அந்நிய வீட்டில் பாத்திரம் கழுவிய ஒரு பத்து வயதுச் சிறுமியின் பக்கத்திலிருந்து அந்தத் துவைக்கும் நாள் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சேர்க்கப்படவில்லை. வெயில் நாளில் ஆறு பக்கத்தில் ஓடினால் அவள் போய்க் குளித்ததில் என்ன வியப்பு? கெரிகெரியிலாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். மாபெரும் போர்த்தலைவர் ஹொங்கி ஹிக்காவின் மகள் ஹரியாதா, கெம்ப் குடும்பத்தோடு சில காலம் வாழ்ந்தவர். 1837இல் கெரிகெரி மிஷன் ஆலயத்தில் ஹோனே ஹெக்கேயை மணந்தார். பிரிட்டிஷ் கொடிமரத்தை மீண்டும் மீண்டும் வெட்டி வீழ்த்தி அந்த வடக்குப் போருக்கு வழிவகுத்தவர் அதே ஹெக்கே. மிஷன் வீட்டு அடுக்களையைக் கண்ட ஒரு மாவோரிப் பெண் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதற்கு இதைவிடப் பெரிய கதை கிடைக்குமா? பயணம் முடிந்த பின் வழிகாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்காமல் கேட்டுக்கொண்டார். இனி வருபவர்கள் நினைவூட்டினால் நல்லது.

இரண்டாவது குறை பாகராகாவுக்குக் கொடுத்த நேரம். மிஷனரிக் குடும்பம் குடியேற்றக் குடும்பமாக மாறிய இடம் அது. ஹென்றி தம் பதினொரு பிள்ளைகளின் எதிர்காலத்துக்கென்று 1830களில் மாவோரிகளிடமிருந்து ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கியிருந்தார். சொசைட்டி அப்பிள்ளைகளுக்கு வழி செய்யவில்லை, வேறு என்ன செய்வது என்பது அவர் பக்கத்து வாதம். மதகுரு நிலக்கிழாராவதா என்பது ஆளுநர் ஜார்ஜ் கிரேயின் குற்றச்சாட்டு. 1849இல் சொசைட்டி அவரைப் பணிநீக்கம் செய்தது. 1850இல், 27 ஆண்டுகள் வாழ்ந்த பைஹியாவை விட்டு, ஐம்பத்தாறு வயதில் மரியான் பாகராகாவில் பிள்ளைகளின் பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். 1854இல் ஹென்றி மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டாலும் குடும்பம் பைஹியாவுக்குத் திரும்பவில்லை. ஹென்றி 1867இல் காலமானார்; மரியான் 1879 வரை வாழ்ந்தார். மொழிபெயர்த்த மகன் எட்வர்ட் பிற்காலத்தில் மாவோரி நில நீதிமன்றத்தின் நீதிபதியானார். இன்னொரு மகன் சாமுவேல் மாவோரிச் சிறுவர்களுக்கென டெ ஆவுட்டே கல்லூரியை நிறுவினார். நிலமும் நீதியும் கல்வியும் ஒரே தாயின் பிள்ளைகளிடம் இப்படிப் போய்ச் சேர்ந்ததை விளக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது தேவாலயத்தையும் தம்பதியரின் கல்லறையையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும் நேரம் மட்டுமே. காலையில் பைஹியா கடைத்தெருவில் காபிக்கென்று நின்ற நேரத்தை இங்கே தந்திருக்கலாம்.

மற்றவை சில்லறை விஷயங்கள். வேனின் ஒலிபெருக்கி பின்வரிசைக்கு எட்டவில்லை. முன்னிருக்கைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீடுகளின் நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேராது என்பதை முன்பதிவின்போது யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. மாடிப்படிகள் குறுகலும் செங்குத்துமாக இருப்பதால் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முக்கியமானவை கீழேதான் இருக்கின்றன. தோட்டத்தில் நிற்கும் நேரம் அதிகம் என்பதால் மழை நாளில் தணல் செய்முறை நடக்காது என்றார்கள். சிறு பிள்ளைகளுக்கு இஸ்திரிக் கட்டியும் ரொட்டியும் பிடிக்கும், பாகராகாவில் சலித்துப்போவார்கள்.

வைதாங்கியை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தின் பின்னணி தெரிந்திருந்தால்தான் எட்வர்டைப் பற்றிய பகுதி முழுதாக விளங்கும். முன்பதிவு செய்யும்போதே மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பாகராகாவில் குறைந்தது ஒரு மணி நேரம், கெரிகெரியில் ஹரியாதாவின் கதை, பைஹியாவில் ஆனா ஹாமுவைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆறு பேருக்கு மேல் சேர்ந்து சென்றால் பயண நேரத்தை நம் விருப்பப்படி மாற்றித் தருவதாக வழிகாட்டியே சொன்னார். குடும்பமாகவோ நண்பர் குழுவாகவோ செல்பவர்களுக்கு அந்த ஏற்பாட்டையே பரிந்துரைக்கிறேன்.